இனியெஸ்டாவின் க்ரோக்கெட்டா: எதிராளியின் காலுக்காகக் காத்திருக்கப் பழகுவது எப்படி

க்ரோக்கெட்டா என்றால் ஸ்பெயினில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் ஒரு பலகாரம். கால்பந்தில் அது இரண்டே டச்சில், அதாவது பந்தை இரண்டே முறை தொடுவதில், முடிந்துவிடும் ஒரு நகர்வு. ஒரு காலின் உட்புறம் பந்தைப் பக்கவாட்டில் தள்ளும்; கண் இமைப்பதற்குள் மறுகாலின் உட்புறம் அதை முன்னால் தள்ளிவிடும். பந்தைப் பறிக்க நீண்ட டிஃபெண்டரின் கால் காற்றைத் துழாவிக்கொண்டு நிற்கும். 1989 முதல் 1994 வரை பார்சிலோனாவுக்கு ஆடிய டென்மார்க்காரர் மைக்கேல் லாட்ரப் இதைப் புகழ்பெற வைத்தார். அடுத்த தலைமுறை ரசிகர்களைக் கேட்டால் ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரர் ஆந்த்ரேஸ் இனியெஸ்டாவின் பெயரைத்தான் சொல்வார்கள்.

இரண்டு டச்சையும் ஒரே மாலையில் கற்றுவிடலாம். ஆனால் ஆட்டத்தில் இறங்கிச் செய்தால் பத்துக்கு எட்டு தடவை பந்து போய்விடும். கால் சரியாகத்தான் வேலை செய்திருக்கும், நேரம்தான் தப்பியிருக்கும். எதிராளி கால் நீட்டும் முன்பே நகர்ந்தால் அவர் நிதானமாகத் திரும்பி வந்து பந்தை எடுத்துக்கொள்வார். ஆகவே இந்தப் பாடத்தில் பாதி காலுக்கு, மீதிப் பாதி காத்திருப்பதற்கு.

இனியெஸ்டாவை ஏன் மாதிரியாக வைக்க வேண்டும் என்பதற்குச் சில எண்கள் போதும். ஸ்பெயினின் அல்பசேத்தே மாகாணத்தில் ஃபுவென்டெயால்பியா என்ற சிற்றூரில் 1984 மே 11 அன்று பிறந்தவர். 12 வயதில், 1996இல், பார்சிலோனாவின் லா மாசியா பயிற்சிக்கூடத்துக்கு வந்தார். 2002 அக்டோபரில் கிளப் ப்ரூஹே அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் போட்டி) ஆட்டத்தில் முதல் அணிக்கு அறிமுகம். 2018இல் விலகும்போது 674 ஆட்டங்கள், 57 கோல்கள், 9 லீக் பட்டங்கள், 4 சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள். 674 ஆட்டத்தில் 57 கோல் என்றால், கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு ஸ்ட்ரைக்கருக்கு வேலையே போய்விடும். உயரமும் சுமார் 1.71 மீட்டர்தான். ஓட்டப் பந்தயம் வைத்தால் முதலில் வருபவரும் அல்ல. வேகமோ உடல்பலமோ பெரிதாக இல்லாதவர்களுக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கடினம்.

முதல் வாரம்: பார்ப்பது மட்டும்

பந்தைத் தொடும் முன் அவருடைய ஆட்டக் காட்சிகளை மூன்று சுற்றாகப் பாருங்கள். முதல் சுற்று இயல்பான வேகத்தில். இரண்டாவது சுற்றில், பந்து அவரிடம் வந்து சேர்வதற்கு முந்தைய இரண்டு, மூன்று விநாடிகளில் அவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். மூன்றாவது சுற்றைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அவரை விட்டுவிட்டு எதிராளியின் கால்களைப் பாருங்கள். பலர் தவறவிடுவது இந்த மூன்றாவது சுற்றைத்தான். எதிராளியின் எந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கிறது, எந்தக் கால் காற்றில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழகினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தொடங்குவதற்கு நல்ல காட்சி 2015 ஏப்ரல் 21, பார்சிலோனாவுக்கும் பாரிஸ் செயிண்ட் ஜெர்மைனுக்கும் நடந்த சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டம். பார்சிலோனாவின் நெய்மார் அடித்த முதல் கோல் எப்படி உருவானது என்று பாருங்கள். இனியெஸ்டா தன் பாதியிலேயே பந்தை வாங்கி, சூழ்ந்து வருபவர்களுக்கு நடுவே நழுவி, மைதானத்தின் நடுப்பகுதி முழுவதையும் கடந்து நெய்மாருக்குத் தருகிறார். ஓட்டத்தின் வேகம் நடுவில் மாறிக்கொண்டே இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிராளி நெருங்கும்போது இனியெஸ்டா மெதுவாகிறார்; எதிராளியின் கால் நீண்டதும் வேகம் எடுக்கிறார். புதிதாகப் பழகுபவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: நெருங்கும்போது விரைவார்கள், கடந்த பிறகு மூச்சு வாங்குவார்கள்.

அடுத்தது 2010 ஜூலை 11, ஜொகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி, ஸ்பெயினுக்கும் நெதர்லாந்துக்கும் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 116ஆம் நிமிடத்தில் சக ஆட்டக்காரர் ஃபாப்ரெகாஸ் தந்த பந்தை இனியெஸ்டா வலதுகாலால் அடக்குகிறார். பந்து தரையில் பட்டு எழும்புகிறது. உலகக் கோப்பை எதிரே இருக்க, டிஃபெண்டர் பாய்ந்து வர, அவர் பந்து சரியான உயரத்துக்கு இறங்கும் வரை பொறுத்திருந்து அடிக்கிறார். இது க்ரோக்கெட்டா இல்லை. ஆனால் அதற்கு வேண்டிய அதே குணம்: அவசரம் எல்லாம் அடுத்தவருக்கு, தனக்கு இல்லை என்ற நிதானம். ஸ்பானிஷ்காரர்கள் இதை லா பௌசா, அதாவது ‘இடைநிறுத்தம்’ என்பார்கள்.

மூன்றாவதாக, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையின் 2012 இறுதி ஆட்டம், கீவ் நகரம், இத்தாலிக்கு எதிராக 4–0. முதல் கோலுக்கு முன் இனியெஸ்டா ஃபாப்ரெகாஸுக்கு நுழைத்துக் கொடுக்கும் பாஸைப் பாருங்கள். அங்கிருந்து சில்வாவின் தலைக்குப் போகிறது பந்து. அந்தத் தொடரில் இனியெஸ்டா ஒரு கோல்கூட அடிக்கவில்லை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் போனது. எதிராளிகளைத் தன் பக்கம் இழுத்து மற்றவர்களுக்கு இடம் திறந்துவிடுவதற்கும் மதிப்பு உண்டு என்று ஒரு விருதுக் குழு ஒப்புக்கொண்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது.

நகர்வு

வலதுகால்காரர் என்று வைத்துக்கொண்டு விளக்குகிறோம். இடதுகால்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பந்து வலதுகாலுக்குச் சற்று முன்னால், சுமார் ஒரு பாத நீளத் தூரத்தில் இருக்கட்டும். முழங்கால்கள் மடங்கி, குதிகால்கள் தரையைவிட்டு ஒரு விரல் எழும்பி, உடல் எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். வலது உட்பாதத்தால் பந்தை இடப்பக்கம் தள்ளுங்கள். இது உதை அல்ல. பாதம் பந்தோடு சேர்ந்தே கொஞ்ச தூரம் போக வேண்டும். பந்து 40 முதல் 60 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும், ஏறக்குறைய தோள் அகலம்.

இப்போது சிக்கலான இடம். வலதுகால் பந்தைத் தள்ளும் நேரத்தில் நீங்கள் இடதுகாலில் நிற்கிறீர்கள். அடுத்த டச் அதே இடதுகாலால் வர வேண்டும். எனவே வலதுகால் பந்தைத் தள்ளிய கையோடு தரையில் ஊன்ற, இடதுகால் விடுபட வேண்டும். இதற்கு ஒரு சின்னத் துள்ளல் தேவை. உயரத் துள்ள வேண்டாம். பக்கவாட்டில், தரையை ஒட்டினாற்போல. இந்தத் துள்ளல்தான் இரண்டு டச்சையும் ஒன்றாகத் தைக்கிறது. காதால் சரிபார்க்கலாம்: ‘டக்… டக்’ என்று இரண்டு ஒலியாகக் கேட்டால் மெதுவாக இருக்கிறது, ‘டடக்’ என்று ஒட்டிக் கேட்டால் சரி.

இடது உட்பாதத்தின் டச் பந்தை நேராக முன்னால் அனுப்பக் கூடாது. எதிராளியின் முதுகுப்புறம் நோக்கி, கொஞ்சம் சாய்வாகப் போகட்டும். பந்து போன பிறகு உங்கள் முதல் அடி வலதுகாலால். அது எதிராளி ஓடி வரக்கூடிய வழியை மறித்து விழ வேண்டும். வலது தோளும் கையும் அவருக்கும் பந்துக்கும் நடுவில் வந்துவிடும். இந்தக் குறுக்கடி இல்லாவிட்டால், நீங்கள் கடந்துவந்த எதிராளியே இரண்டு எட்டில் பக்கத்தில் வந்துவிடுவார். குறுக்கே விழுந்துவிட்டால் அவர் உங்களைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் ஃபவுல் செய்ய வேண்டும். 2010 இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், நெதர்லாந்தின் ஹெய்டிங்கா தன் இரண்டாவது மஞ்சள் அட்டையைப் பார்த்து வெளியேறியதும் இனியெஸ்டாவை இழுத்ததற்காகத்தான்.

எந்தத் தூரத்தில் தொடங்குவது? பந்துக்கும் எதிராளியின் முன்காலுக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர் இருக்கட்டும். அதற்கும் அதிகம் என்றால் அவருக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். அரை மீட்டருக்குக் குறைந்தால் இரண்டாவது டச் அவர் முழங்காலுக்குக் கீழே இடித்து நின்றுவிடும்.

பயிற்சி

வாரம் 4 நாள், ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் செய்வதால் கணுக்கால்தான் வலிக்கும்.

முதலில் பந்தைச் சரிபாருங்கள். 12 வயதுக்கு மேல் 5ஆம் எண் பந்து, சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். அதற்குக் கீழே 4ஆம் எண். விதிப்படி காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரை இருக்கலாம். இந்தப் பயிற்சிக்கு 0.7 முதல் 0.8 நல்லது. கல்லாக இறுகிய பந்து பாதத்தில் ஒட்டாமல் தெறிக்கும். ‘எனக்குக் கன்ட்ரோல் இல்லை’ என்று நொந்துகொள்பவர்களில் சிலருக்குப் பிரச்சினை பந்துக்குள் இருக்கும் காற்றுதான்.

முதல் பத்து நாள் நின்ற இடத்திலேயே. பந்தை இரு உட்பாதங்களுக்கும் நடுவே மாற்றி மாற்றித் தட்டுங்கள்: 30 விநாடி ஆட்டம், 30 விநாடி ஓய்வு, 6 சுற்று. முதல் இரண்டு சுற்றில் பந்தைப் பார்க்கலாம். மற்ற நான்கில் கண் எதிரே உள்ள ஒரு குறியில் இருக்க வேண்டும்; பந்து பார்வையின் கீழ்விளிம்பில் தெரிந்தால் போதும். இந்தக் கட்டத்தைச் சலிப்பாக இருக்கிறது என்று தாண்டிவிடாதீர்கள். தலை குனிந்தவர் எதிராளியின் காலைப் பார்க்கவே முடியாது. பார்க்காதவர் காத்திருக்கவும் முடியாது.

பிறகு ஒரு கோன் (பயிற்சிக் கூம்பு) வைத்து, 5 மீட்டர் தள்ளி நின்று, மெதுவாகப் பந்தோடு வந்து கடக்க வேண்டும். வலமிருந்து இடம் 10, இடமிருந்து வலம் 10. கோனை நெருங்கும் கடைசி இரண்டு அடியில் வேகத்தைக் குறையுங்கள். கடந்த பிறகு 5 மீட்டர் முழு வேகத்தில் ஓடுங்கள். இது பழகியதும் 5 கோன்களை 3 மீட்டர் இடைவெளியில் வளைந்து வளைந்து வைத்துத் தொடர்ச்சியாகச் செய்யலாம். கோனோடு அதிக நாள் பழக வேண்டாம், இரண்டு வாரம் போதும். கோன் கால் நீட்டாது.

உண்மையான பாடம் கூட்டாளி வந்த பிறகுதான் தொடங்குகிறது. அவர் உங்களுக்கு எதிரே நிற்கட்டும். நீங்கள் பந்தைச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டு அவரை நோக்கி வாருங்கள். அவர் தனக்குத் தோன்றும் ஏதோ ஒரு நொடியில் ஒரு காலைப் பந்தை நோக்கி நீட்ட வேண்டும். நீட்டினால் மட்டும் க்ரோக்கெட்டா. நீட்டாவிட்டால் பந்தை அடக்கி நின்றுவிட வேண்டும். பத்து முறைக்குப் பிறகு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். எத்தனை முறை முந்திப் போனீர்கள் என்பதைக் கூட்டாளிதான் எண்ண வேண்டும்; தானே எண்ணினால் கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகவே வரும். முந்திப் போனது பத்துக்கு இரண்டுக்கும் குறைந்தால் அடுத்த கட்டம். முதல் நாளிலேயே ஆறு, ஏழு என்று வந்தால் மனம் தளர வேண்டாம், பெரும்பாலோருக்கு அப்படித்தான் வரும்.

அடுத்து 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள ஒரு பாதையில் ஒருவருக்கு ஒருவர். பிறகு ரோண்டோ: 8 மீட்டர் சதுரத்தில் வெளியே 4 பேர், நடுவில் பந்தைப் பறிக்க 1 ஆள். லா மாசியாவில் சிறுவர்கள் நாள்தோறும் ஆடி வளரும் ஆட்டம் இது. வெளியே இருப்பவருக்கு இரண்டு வழி: ஒரே டச்சில் பாஸ் கொடுப்பது, அல்லது நடுவில் இருப்பவர் கால் நீட்டினால் க்ரோக்கெட்டா செய்து பிறகு பாஸ் கொடுப்பது. இரண்டில் எது என்று அரை நொடியில் முடிவெடுக்க மூளை பழகுவது இங்கேதான். நடுவில் 2 பேரை விட்டால் சதுரத்தை 10 மீட்டராக்குங்கள்.

எங்கே தவறுகிறது

முந்திப் போவதைச் சொல்லியாயிற்று. அதற்கு அடுத்தபடி, முதல் டச் நீளமாகப் போவது. பந்து ஒரு மீட்டர் பக்கவாட்டில் ஓடிவிட்டால் இடதுகால் அதை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். அப்போது எடை பின்னால் சாயும், இரண்டாவது டச் வலுவிழந்துவிடும். பாதம் கல்லுப்போல் இறுகியிருப்பதே இதற்குக் காரணம். கணுக்காலைத் தளர்த்தி, பந்தோடு கால் பயணிக்கட்டும்.

ஊன்றிய கால் தரையோடு ஒட்டிக்கொள்வது இன்னொன்று. குதிகால் தரையில் பதிந்திருந்தால் துள்ளல் வராது, இரண்டாவது டச் தாமதமாகும். ஈரமான புல்லில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே பந்து வேகமாக வழுக்கும், கால் மட்டும் வழக்கமான வேகத்தில் வரும். மழைக்குப் பிறகு ஆடினால் முதல் டச்சை இன்னும் மென்மையாக்குங்கள்.

எதிராளியின் ஊன்றிய கால் பக்கம் போவதும் ஒரு பிழை. அவர் வலதுகாலை நீட்டியிருக்கிறார் என்றால் எடை இடதுகாலில் இருக்கிறது. அந்த இடதுகாலில் ஊன்றித் திரும்பி, அந்தப் பக்கம் போகும் உங்களை அவர் பிடித்துவிட முடியும். நீட்டிய காலின் வெளிப்பக்கம் போனால் அவர் அந்தக் காலை முதலில் தரையில் வைத்து, எடை மாற்றி, அதற்குப் பிறகுதான் திரும்ப வேண்டும். அந்த இடைவெளிதான் உங்களுக்கு வேண்டிய நேரம்.

ஒரே பக்கத்தை மட்டும் பழகினால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. மூன்றாவது முறை எதிராளி அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார்.

ஆட்டத்தில் எங்கே, எப்போது

உங்கள் கோலுக்கு முன்னால், கடைசி ஆளாக இருக்கும்போது வேண்டாம். நடுக்களத்தில் இருவர் நெருக்கும்போது அவர்களுக்கு நடுவே நழுவவும், பெனால்டி பாக்ஸின் இடப்பக்க விளிம்பில் உள்நோக்கித் திரும்பவும் இது பொருந்தும். பார்சிலோனாவிலும் ஸ்பெயினிலும் இனியெஸ்டா பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்தே ஆடினார். கோட்டோரத்தில் பந்தை வாங்கி உள்ளே வரும்போது வலப்பக்கம் முழு மைதானமும் அவர் கண்முன் விரிந்திருக்கும். கடந்த பிறகு என்ன செய்வது என்பது கடக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே தலை திரும்புவதைக் கவனிக்கச் சொன்னோம். 2015 ஜூன் 6, பெர்லின் சாம்பியன்ஸ் லீக் இறுதியின் 4ஆம் நிமிடத்தில் நெய்மாரிடமிருந்து வாங்கி, சக ஆட்டக்காரர் ராகிடிச்சுக்கு அவர் தள்ளிய பாஸில் தாமதமே இல்லை. ராகிடிச் எங்கே வருவார் என்பது பந்து வரும் முன்பே அவருக்குத் தெரியும்.

ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை? இரண்டு, மூன்று போதும். வித்தை காட்டுவதற்காக இதைச் செய்தால் எதிராளிக்குக் கோபம் வரும், அடுத்த முறை உங்கள் காலை நோக்கி வருவார். இனியெஸ்டா கடந்துபோனவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததில்லை. பார்வையாளர்களைப் பார்த்துக் கை விரித்ததில்லை. கடப்பது அவருக்கு அடுத்த பாஸுக்கான வழி, அவ்வளவுதான். அவருடைய புகழின் விசித்திரமும் இங்கேதான் இருக்கிறது. 2015 நவம்பர் 21 அன்று ரியல் மாட்ரிட்டின் பெர்னபேவு அரங்கில் பார்சிலோனா 4–0 என்று வென்றது, மூன்றாவது கோல் அவருடையது. அவர் மாற்றப்பட்டு வெளியேறியபோது ரியல் மாட்ரிட் ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள். பார்சிலோனாக்காரர் ஒருவருக்கு அந்த அரங்கில் அது எளிதில் கிடைக்கும் மரியாதை அல்ல.

எஸ்பான்யோல் ரசிகர்களின் கதை வேறு. பார்சிலோனா நகரின் அந்த மற்றொரு அணியின் கேப்டன் டானி ஹார்கே 2009 ஆகஸ்டில் 26 வயதில் மாரடைப்பால் இறந்தார். உலகக் கோப்பை கோலை அடித்ததும் இனியெஸ்டா சட்டையைக் கழற்ற, ‘டானி ஹார்கே, எப்போதும் எங்களுடன்’ என்ற ஸ்பானிஷ் எழுத்து உள்ளாடையில் தெரிந்தது. அதற்கு ஒரு மஞ்சள் அட்டை வாங்கினார். 2010 டிசம்பரில் எஸ்பான்யோல் அரங்குக்கு எதிரணி ஆளாகப் போனபோது, அங்கிருந்தவர்கள் கைதட்டி வரவேற்றார்கள்.

வயதானவர்களுக்கும் ஒரு செய்தி இதில் உண்டு. 2018இல் ஜப்பானின் விஸ்ஸல் கோபே அணிக்குப் போனபோது அவருக்கு வயது 34. 2020 ஜனவரி 1 அன்று அந்த அணி பேரரசர் கோப்பையை வென்றபோது 35. பிறகு ஐக்கிய அரபு அமீரகத்தின் எமிரேட்ஸ் அணியில் ஆடி, தன் சட்டை எண் 8க்குப் பொருத்தமாக 2024 அக்டோபர் 8 அன்று ஓய்வை அறிவித்தார். வேகத்தை நம்பும் நகர்வுகள் முப்பதைத் தாண்டியதும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். க்ரோக்கெட்டா எதிராளியின் தவறை நம்புவது. அது அவ்வளவு சீக்கிரம் தேயாது.

கடைசியாக ஒரு கேள்வி எல்லாப் பயிற்சியிலும் வரும்: எதிராளி காலை நீட்டவே இல்லையென்றால்? நல்ல டிஃபெண்டர்கள் நீட்ட மாட்டார்கள், பின்வாங்கிக்கொண்டே போவார்கள். அப்போது பந்தைத் தட்டியபடி மெதுவாக இன்னும் அரை மீட்டர் நெருங்கிப் பாருங்கள், அல்லது பாஸ் கொடுப்பதுபோல் இடுப்பைத் திருப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, அந்த டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் ஓடுங்கள்.